கொடுத்த சாவியைத் திரும்ப வாங்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழில், கிளவுடில் (அதாவது அமேசான் போன்ற நிறுவனங்களிடம் இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகளில்) வைத்திருந்த வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தது பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. கூடவே அந்தப் படம். தலையை மூடிய சட்டை போட்ட ஒருவன் இருட்டில் கணினி முன் உட்கார்ந்திருப்பான், பின்னால் பச்சை நிறத்தில் எண்கள் மழையாகக் கொட்டும். செய்தியில் தப்பு கண்டுபிடிக்க நான் வரவில்லை. ஆனால் அந்தப் படமும் 'ஊடுருவல்' என்ற தலைப்பும் சேர்ந்து, எவனோ ஒரு மகா கெட்டிக்காரன் இரும்புக் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டான் என்று படிப்பவர்களை நம்ப வைத்துவிடுகின்றன. 14 வருடமாக இதே வேலையில் இருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் கதவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. உள்ளே போனவன் கையில் சாவி, அதாவது உள்ளே நுழைய அனுமதி தரும் ரகசிய எழுத்துத் தொடர், இருந்தது. அந்தச் சாவியை நம் ஆட்களில் ஒருவர்தான், ஏதோ ஒரு அவசரத்தில், எப்போதோ கொடுத்திருந்தார். திரும்ப வாங்க மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

யார் எந்த ஏபிஐயை (ஒரு நிரல் இன்னொன்றிடம் வேலை சொல்லும் வழி) அழைக்கலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று எழுதிவைப்பதுதான் என் வேலை. கிளவுடில் எல்லாமே ஏபிஐ வழியாகத்தான் நடக்கும். ஒரு சர்வரைக் கிளப்புவது, ஒரு கோப்பைப் படிப்பது, தரவுத்தளத்தையே அழிப்பது, இன்னொருவருக்கு அனுமதி கொடுப்பது, எல்லாம் ஒரு அழைப்பு. ஒவ்வொரு அழைப்பும் உள்ளே போகும் முன் 'நீ யார், உனக்கு இது நடக்குமா' என்று ஒரு கேள்வி கேட்கப்படும். அதற்கான பதில் எழுதியிருக்கும் தாளுக்குத்தான் பாலிசி என்று பெயர். (பாலிசி எழுதுகிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றுவரை என்னை இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) அந்தத் தாளில் இருப்பது நாலே விஷயம்: யார், என்ன செய்யலாம், எதன்மீது செய்யலாம், எந்த நிபந்தனையில். அமேசான் கிளவுடில் விதி இன்னும் எளிது. எதுவும் எழுதாவிட்டால் அனுமதி இல்லை. எழுதியிருந்தால் உண்டு. ஆனால் எங்காவது ஒரு இடத்தில் 'கூடாது' என்று எழுதியிருந்தால், மற்ற பத்து இடத்தில் 'ஆகட்டும்' என்று எழுதியிருந்தாலும் கூடாதுதான்.

இவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களே, அப்புறம் எப்படி ஓட்டை விழுகிறது என்று கேட்பீர்கள். இரவு பதினொன்றரை மணிக்கு விழுகிறது. மறுநாள் காலை புது வசதி ஒன்று வெளிவர வேண்டும், நிரல் ஓடவில்லை, திரையில் சிவப்பு எழுத்தில் 'ஆக்சஸ் டினைடு', அனுமதி இல்லை. எந்த அனுமதி குறைகிறது என்று தேடி ஒன்றைச் சேர்த்தால் அடுத்த வரியில் இன்னொன்று இடிக்கிறது. அதையும் சேர்த்தால் மூன்றாவது. ஒவ்வொன்றையும் சேர்த்துவிட்டு அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டும், ஏனென்றால் கிளவுடில் அனுமதி மாற்றம் எழுதிய நொடியே எல்லாச் சர்வர்களுக்கும் தெரிந்துவிடுவதில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறோமா, இல்லை இன்னும் போய்ச் சேரவில்லையா என்று தெரியாமல் மண்டை காயும். நாலாவது முறை இடித்ததும் பக்கத்தில் இருப்பவர் சொல்வார், "இப்போதைக்கு ஸ்டார் போட்டு விடுங்க சார், காலையில பார்த்துக்கலாம்."

ஸ்டார் என்றால் அந்த நட்சத்திரக் குறி. 'என்ன செய்யலாம்' என்ற இடத்தில் ஒன்று, 'எதன்மீது' என்ற இடத்தில் ஒன்று. எதன்மீதும் எதையும் செய்யலாம் என்று பொருள். போட்ட மறுநிமிடம் எல்லாம் ஓடும். எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அந்தக் 'காலையில பார்த்துக்கலாம்' என்ற காலை என் அனுபவத்தில் ஒருமுறைகூட விடிந்ததில்லை. நானும் போட்டிருக்கிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு ஸ்டாரை ஐந்து வருடம் கழித்து வேறொரு தேடலில் தற்செயலாகப் பார்த்தேன், பக்கத்தில் 'தற்காலிகம்' என்று நானே குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் கேப்பிடல் ஒன் வங்கி. நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன், ஆனால் பொதுவாகச் சொல்வதுபோல் அல்ல. 2019 மார்ச்சில் நடந்தது, ஜூலையில் வெளியே தெரிந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர், கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தவர்களின் விவரம் போனது. எப்படிப் போனது? வங்கியின் இணையதளத்தைக் காக்க முன்னால் ஒரு ஃபயர்வால் நின்றது. அதன் அமைப்பில் ஒரு பிசகு, வெளியிலிருந்து வருபவர் சொல்லும் முகவரிக்கு அதுவே போய்க் கேட்டுச் சொல்லும்படி ஆகியிருந்தது. அமேசானில் ஒவ்வொரு சர்வருக்கும் உள்ளுக்குள்ளேயே ஒரு முகவரி உண்டு, 169.254.169.254. அங்கே கேட்டால் அந்தச் சர்வருக்குரிய தற்காலிகச் சாவி கிடைக்கும். வெளியிலிருந்து யாரும் அந்த முகவரியைத் தொட முடியாது. ஆனால் ஃபயர்வாலிடம் 'எனக்காக நீ போய் வாங்கி வா' என்று சொன்னால் அது போய் வாங்கி வந்து கொடுத்துவிட்டது.

எல்லோரும் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்கு அடுத்தது தான் முக்கியம். சரி, சாவி வெளியே போய்விட்டது. ஃபயர்வாலின் சாவிதானே? ஃபயர்வாலுக்கு என்ன வேலை, வரும் போக்குவரத்தைப் பார்ப்பது, சந்தேகமானதைத் தடுப்பது. அந்தச் சாவியை வைத்துக்கொண்டு என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? ஆனால் அந்தச் சாவிக்கு வங்கியின் சேமிப்பகங்களை எல்லாம் பட்டியல் போடவும், உள்ளே இருப்பதைப் படிக்கவும் அனுமதி இருந்தது. 700க்கும் மேற்பட்ட சேமிப்பகங்கள் பட்டியலாக வந்தன என்று வழக்கு ஆவணம் சொல்கிறது. வாசலில் நிற்கும் காவலருக்குப் பெட்டகத்தைத் திறக்கும் சாவி எதற்கு? யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு காரணத்துக்காகக் கொடுத்திருப்பார். அப்போது அது நியாயமாகவும் இருந்திருக்கலாம். அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 2020இல் 8 கோடி டாலர் அபராதம் போட்டது. அந்த 169 முகவரியில் சாவி வாங்க இன்னும் இறுக்கமான முறை ஒன்றை அமேசான் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் காவலரிடம் பெட்டகச் சாவியைக் கொடுத்துவைக்கும் பழக்கத்துக்கு எந்த நிறுவனமும் மருந்து விற்க முடியாது.

தன்னிடம் அதிகாரம் இருக்கிறது, ஆனால் யாருக்காக அதைப் பயன்படுத்துகிறோம் என்று தெரியவில்லை என்கிற இந்தக் குழப்பம் கிளவுடுக்கும் முந்தையது. 1988இல் நார்ம் ஹார்டி என்பவர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் நிரல்) இருந்தது. நிரல் மொழியின் எந்த வசதி எவ்வளவு பயன்படுகிறது என்று குறித்துவைக்க, தான் இருந்த கோப்பகத்தில் எழுதும் உரிமை அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதே கோப்பகத்தில்தான் பில் போடும் கோப்பும் இருந்தது. பயனர் ஒருவர், பிழை தேட உதவும் குறிப்புகளை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்ற இடத்தில் அந்த பில் கோப்பின் பெயரைக் கொடுத்தார். கம்பைலரும் தன் உரிமையைக் கொண்டு அதை மேலெழுதிவிட்டது, கணக்கு போயிற்று. பயனருக்கு அந்தக் கோப்பைத் தொட உரிமை கிடையாது. கம்பைலருக்கு இருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள், இங்கே வேலிக்கு மேய்கிறோம் என்றே தெரியாது. 'கன்ஃபியூஸ்டு டெபுட்டி', குழம்பிப்போன கையாள் என்று அவர் வைத்த பெயர்தான் இன்றும் எங்கள் துறையில் புழங்குகிறது.

இப்போது படித்தவர்கள் உடனே சொல்வார்கள், 'தேவையான அளவு மட்டும் அனுமதி கொடுங்கள், தீர்ந்தது'. இதுவும் புதிதில்லை. ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தன் வேலைக்கு வேண்டிய குறைந்தபட்ச உரிமையோடு மட்டும் இயங்க வேண்டும் என்று சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 1975லேயே எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பாடப்புத்தகத்தில் இருக்கிறது, எல்லாத் தேர்விலும் கேட்கிறார்கள், எல்லா நிறுவனத்தின் பாதுகாப்பு ஆவணத்திலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. அப்படியும் ஏன் நடக்கவில்லை? எல்லோரும் சோம்பேறிகளா?

என் கணிப்பு இதுதான். கொடுப்பதற்கு ஒரு ஆள் துடித்துக்கொண்டு நிற்கிறார். அனுமதி கிடைக்காவிட்டால் அவர் வேலை நிற்கும், டிக்கெட் போடுவார், போன் செய்வார், மேலாளரை விட்டுப் பேச வைப்பார். திரும்ப வாங்குவதற்கு அப்படி யாருமே இல்லை. தேவை முடிந்த அனுமதி யாரையும் உறுத்துவதில்லை, அது பாட்டுக்கு இருக்கும். எடுத்தால் ஏதாவது உடையுமோ என்ற பயம் வேறு. உடைந்தால் எடுத்தவர் மேல் பழி, எடுக்காமல் விட்டால் யார் மேலும் பழி இல்லை. இந்தக் கணக்கில் எந்த அறிவாளியும் எடுக்கமாட்டார். ஆக, அனுமதிகள் சேர்ந்துகொண்டே போகும். ஒருவர் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு மாறினால் பழைய அனுமதியும் கூடவே போகும், மூன்று குழு மாறியவரிடம் மூன்று குழுவின் சாவியும் இருக்கும். இதனால்தான் பல இடங்களில் மிக ஆபத்தான கணக்கு இயக்குநருடையதாக இருக்காது, நீண்டகாலமாக, நல்ல பெயரோடு, எல்லோருக்கும் உதவி செய்துகொண்டிருக்கும் ஒரு சாதாரண ஊழியருடையதாக இருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பயன்படாத சாவிகளை ஒழித்துக்கட்டுவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை பட்டியல் எடுத்தோம். ஒவ்வொரு சாவிக்கும் எதிரே, கடைசியாக எப்போது பயன்பட்டது என்று ஒரு தேதி இருக்கும். ஒரு பெயரைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்தோம், அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. தேதியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. 'இன்று, 02:00 மணி'.

அரை மணி நேரம் அறையே அமைதியாக இருந்தது. போன மனிதர் இன்னும் உள்ளே வந்து போகிறாரா? லாக்கை, அதாவது யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவைத் தோண்டினால், அழைப்பு எங்கள் சர்வரிலிருந்தேதான் வந்துகொண்டிருந்தது. போவதற்கு முன் அவர் இரவில் ஓடும் ஒரு அறிக்கை நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதில் தன் சொந்தச் சாவியையே வைத்துவிட்டார், தனியாக ஒன்று கேட்டு வாங்க நேரம் இல்லையாம். தினமும் இரவு 2 மணிக்கு அவர் பெயரில் உள்ளே போய், கணக்கு எடுத்து, காலையில் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. அவருடைய மின்னஞ்சலை மூடியிருந்தார்கள், அடையாள அட்டையை வாங்கியிருந்தார்கள், மடிக்கணினியைக் கையெழுத்து போட்டுத் திரும்ப எடுத்திருந்தார்கள். சாவி மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்கு நிர்வாகி உரிமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களில் ஒருவர் ஆவேசத்தில் அந்தச் சாவியை உடனே அழிக்கப் போனார். நல்லவேளை, இன்னொருவர் கையைப் பிடித்தார். "அழிக்காதீங்க, முதல்ல ஆஃப் பண்ணுங்க." சாவியை முடக்கி வைக்கலாம், ஏதாவது நின்றுபோனால் திரும்பக் கிளப்பலாம். அழித்தால் அவ்வளவுதான், அதே சாவி மறுபடி கிடைக்காது. முடக்கினோம். மறுநாள் காலை அறிக்கை வரவில்லை. அந்த அறிக்கையைத் தான் படிப்பதாக ஒரே ஒருவர்தான் போன் செய்தார். மற்ற 30 பேரும் அது வராததைக் கவனிக்கவே இல்லை, ஆனால் அது தனிக் கதை.

சாவி காலாவதியாகாமல் இருப்பதுதான் இதில் முக்கால்வாசிப் பிரச்சினை. அமேசானில் ஒரு பயனருக்கு இரண்டு நிரந்தரச் சாவி வைத்துக்கொள்ளலாம். எதற்கு இரண்டு என்றால், புதியதை உருவாக்கி, நிரல்களை அதற்கு மாற்றி, பழையதை முடக்கி, இடைவெளி இல்லாமல் மாற்றிக்கொள்வதற்கு. நடைமுறையில் என்ன நடக்கிறது? இரண்டும் புழக்கத்தில் இருக்கும், ஒன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கூகுள் கிளவுடில் ஒரு சர்வீஸ் அக்கவுண்டுக்கு (மனிதருக்கு இல்லாமல் நிரலுக்கென்று வைக்கும் கணக்கு) சாவிக் கோப்பை இறக்கிக்கொண்டால், தனியாகக் கெடு வைக்காதவரை அதற்குக் காலாவதியே கிடையாது. அந்தக் கோப்பு மின்னஞ்சலில் போகும், அரட்டைக் குழுவில் போகும், தெரியாமல் நிரலோடு சேர்ந்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்துக்கும் போகும். 2016இல் உபெரில் நடந்தது இதுதான். நிறுவனத்தின் தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்களுக்கு அங்கேயே அமேசான் சாவி கிடைத்தது. அதை வைத்து 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார்கள். உபெர் அதை 2017 நவம்பர்வரை வெளியே சொல்லவும் இல்லை.

இதைவிட எனக்கு அதிகம் பயம் தருவது 2023இல் மைக்ரோசாஃப்டில் வெளியான ஒன்று. அங்கே செயற்கை அறிவு ஆராய்ச்சி செய்பவர்கள் சில ஏஐ மாடல்களைப் பொதுமக்களுக்குக் கொடுக்க கிட்ஹப்பில் ஒரு இணைப்பு போட்டார்கள். இணைப்புக்குள்ளேயே அனுமதி அடங்கியிருக்கும், எஸ்ஏஎஸ் டோக்கன் என்பார்கள், யார் கையில் இணைப்பு இருக்கிறதோ அவருக்கு உரிமை. ஒரு கோப்புறையைப் படிக்க மட்டும் கொடுப்பதாக நினைத்து, மொத்தச் சேமிப்புக் கணக்குக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டார்கள், படிக்க மட்டும் இல்லை, எழுதவும் அழிக்கவும். 38 டெராபைட் திறந்து கிடந்தது, ஊழியர்களின் கணினிக் காப்புப் பிரதிகளும் அதில் சேர்த்தி. காலாவதித் தேதி 2051. போட்டவர் ஓய்வு பெற்று உட்கார்ந்திருப்பார், டோக்கன் உயிரோடு இருக்கும். விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னதால் தெரிந்தது. இதில் இன்னொரு சங்கடம், இந்த வகை டோக்கனை உருவாக்கினால் அது மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் எந்தப் பட்டியலிலும் பதிவாகாது. எத்தனை கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம் என்று கேட்டால் சொல்ல வழியில்லை. திரும்ப வாங்க வேண்டுமானால் மொத்தக் கணக்கின் மூலச் சாவியையே மாற்ற வேண்டும், அதை நம்பி ஓடும் எல்லாம் சேர்ந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறான வழியும் இல்லாமல் இல்லை. நிரந்தரச் சாவியே வேண்டாம், வேலை செய்யும்போது மட்டும் ஒரு ரோலை (அந்த வேலைக்கான அனுமதிகளின் தொகுப்பை) வாங்கிக்கொள், அது தானே காலாவதியாகிவிடும் என்ற முறை. அமேசானில் அப்படி வாங்கும் சாவியின் ஆயுளைக் குறைந்தது 15 நிமிடம், அதிகபட்சம் 12 மணி நேரம் என்று வைக்கலாம், ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம். சாவி திருடு போனாலும் திருடனிடம் அது ரொம்ப நேரம் நிற்காது. முக்கியமாக, திரும்ப வாங்குகிற வேலையை மனிதன் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, கடிகாரம் பார்த்துக்கொள்ளும். இது வந்து வருடங்கள் ஆகிவிட்டன, கூடுதல் செலவும் கிடையாது. அப்படியும் புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது நிரந்தரச் சாவியை உருவாக்கிக் கணினியில் ஒட்டுவதைத்தான், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பழைய செய்முறைகள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

எந்த மட்டத்தில் கொடுக்கிறோம் என்பதும் ஒரு வம்பு. கூகுள் கிளவுடில் நிறுவனம், அதற்குள் ஃபோல்டர், அதற்குள் ப்ராஜெக்ட் என்று அடுக்கு உண்டு. மேலே கொடுத்தது கீழே எல்லாவற்றுக்கும் இறங்கும். கீழே ஒரு ப்ராஜெக்டில் போய் 'இவருக்கு இங்கே வேண்டாம்' என்று அந்த அனுமதிப் பட்டியலிலேயே எடுத்துவிட முடியாது, அதற்குத் தனியாக மறுப்பு விதி எழுத வேண்டும். ஃபோல்டரில் கொடுத்தால் ஒரு தடவையில் வேலை முடியும் என்று 'எடிட்டர்' ரோலை மேலே கொடுத்துவிடுவார்கள். பெயரைப் பார்த்தால் ஏதோ ஆவணம் திருத்துபவர்போல் இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான அனுமதிகள் இருக்கின்றன. அடுத்த வருடம் அந்த ஃபோல்டருக்குள் புதிதாகத் திறக்கப்போகும் ப்ராஜெக்டுக்கும் அவர் இன்றே எடிட்டர்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று ஆகிவிடும். இறுக்கிப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி ஒரு காலத்தில் நானே இறுக்கினேன். எந்த அனுமதிக்கும் இரண்டு பேர் ஒப்புதல், காரணம் எழுத்தில், வாரத்தில் இரண்டு நாள்தான் பரிசீலனை. ஆறு மாதம் விண்ணப்பங்கள் குறைந்துகொண்டே வந்தன, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஒரு குழுவில் யாரோ ஒருவர் வாங்கி வைத்திருந்த பெரிய சாவியை 11 பேர் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். விண்ணப்பிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. அந்தக் குழுவில் யார் என்ன செய்தார்கள் என்று லாக்கில் பார்த்தால் எல்லாம் ஒரே பெயர். நான் இறுக்காமல் இருந்திருந்தாலாவது 11 பெயர் தனித்தனியாகத் தெரிந்திருக்கும். அவர்கள்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை, நான்கு நாள் காத்திருக்க முடியாத வேலைக்கு நான்கு நாள் காக்க வைத்தது நான்.

தணிக்கைக்காரர்கள் கேட்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சடங்கும் நடக்கும். ஒவ்வொரு மேலாளருக்கும் அவர் ஆட்களின் அனுமதிப் பட்டியல் போகும், 'இது இன்னும் தேவையா' என்று வரிக்கு வரி டிக் போட வேண்டும். 300 வரிப் பட்டியல் ஒன்றை ஒருவர் ஆறு நிமிடத்தில் முடித்து அனுப்பினார். தப்பு அவருடையது மட்டுமில்லை. 'எஸ்3 கெட் ஆப்ஜெக்ட், கேஎம்எஸ் டிக்ரிப்ட்' என்று வரிசையாக இருந்தால் அவர் எதைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வார்? அதே பட்டியலில் 'இந்த அனுமதி 200 நாளாக ஒருமுறைகூடப் பயன்படவில்லை' என்று எதிரே எழுதி அனுப்பியபோது அதே மனிதர் பாதியை வெட்டினார். அந்தத் தகவலைக் கிளவுட் நிறுவனங்களே தருகின்றன, அமேசான் சுமார் 400 நாள்வரை பின்னோக்கிக் காட்டும். ஒரு எச்சரிக்கை, வருடத்துக்கு ஒருமுறை ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடும் நிரல்கள் உண்டு. 90 நாள் பயன்படவில்லை என்று வெட்டினால் கணக்கு முடிக்கும் இரவில் போன் வரும். எனக்கு வந்திருக்கிறது.

எனவே இப்போது நான் கேட்பது மிகக் குறைவு. எந்த அனுமதியாக இருந்தாலும் கொடுக்கும்போதே முடிவுத் தேதி ஒன்று வேண்டும், அது யாருடையது என்று ஒரு மனிதரின் பெயர் வேண்டும். குழுவின் பெயர் இல்லை, மனிதரின் பெயர், அவர் போனால் அடுத்தவர் பெயர். தேதி வந்தால் தானே விழ வேண்டும், வேண்டும் என்பவர் வந்து நீட்டித்துக்கொள்ளட்டும். துடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஆள் இப்போது நீட்டிப்பதற்குத் துடிப்பார், தேவை இல்லாதவர் வரமாட்டார், சாவி தானாகத் திரும்பிவிடும். இரவு பதினொன்றரை மணி ஸ்டாரைக்கூட நான் இப்போது தடுப்பதில்லை. காலை பத்து மணிக்கு விழும்படி நிபந்தனை எழுதிக் கொடுக்கிறேன், பாலிசியிலேயே தேதியும் நேரமும் போட இடம் இருக்கிறது. காப்புப் பிரதிகளை அழிக்கும் அனுமதியை மட்டும் எந்த இரவிலும் கொடுப்பதில்லை. 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுத் திரைக்குள் புகுந்தவன், தன்னை வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அழிக்க ஆரம்பித்தான். தரவும் காப்புப் பிரதியும் ஒரே கணக்கில், ஒரே சாவிக்குள் இருந்தன. நிறுவனத்தையே மூடிவிட்டார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை இப்படி ஒரு கசிவு நடந்து, சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் 'அதிநவீனத் தாக்குதல்' என்று அறிக்கை கொடுத்தால், உங்கள் நிருபர் மூன்று கேள்வி கேட்கட்டும். எந்தச் சாவியால் உள்ளே வந்தார்கள்? அந்தச் சாவியை எந்த வேலைக்காகக் கொடுத்தீர்கள்? அந்த வேலை எப்போது முடிந்தது? பதில் கிடைக்காமல் போகலாம், அப்போது 'பதில் தரப்படவில்லை' என்று அச்சிடுங்கள். அதோடு, முடிந்தால் அந்தத் தலைமூடிக்காரன் படத்துக்கு ஓய்வு கொடுங்கள். வேறு படம் வேண்டுமானால், எதிரே 'தற்காலிகம்' என்று எழுதிய ஸ்டார் ஒன்றின் ஸ்கிரீன்ஷாட்டை நானே அனுப்புகிறேன், நிறுவனத்தின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு.

இப்படிக்கு,
பாலிசி எழுதும் ஒரு வாசகர்